சத்தம் வராத பதில்

அலுவலகத்தில் அவளுக்குப் பெயர் 'பாஸ்போர்ட்'. பாஸ்போர்ட்டுக்குப் படம் எடுக்கிறவர் சிரிக்காதீங்க, தலையைச் சாய்க்காதீங்க, புருவத்தைத் தூக்காதீங்க என்று ஆயிரம் சொல்லி வரவழைக்கும் முகம் அவளுக்குத் தூங்கி எழும்போதே இருந்தது. பெயர் வைத்தவள் கூட வேலை செய்யும் வாயாடி. அவள் வைத்தால் பெயர் பசை போட்டதுபோல ஒட்டிக்கொள்ளும். டேப்லெட்டுகளின் ஒயர்களைக் கழுத்தில் மாலையாகப் போட்டுக்கொண்டு திரியும் ஒருங்கிணைப்பாளருக்கு 'சார்ஜர்' என்று வைத்ததும் அவள்தான். டீ எவ்வளவு வேண்டும் என்று கேட்டால் "பூஜ்யம் புள்ளி ஏழு கிளாஸ்" என்று சொல்லும் புள்ளிவிவரக்காரருக்கு 'தசமம்' என்று வைத்ததும் அவளேதான். எல்லாருக்கும் தலைமையான ஆராய்ச்சியாளரை மட்டும் வெறும் 'மேடம்' என்று விட்டுவைத்திருந்தாள். வேலை போய்விடக் கூடாது அல்லவா.

அவர்கள் ஆராய்ந்தது ஒரு கணக்கு விளையாட்டு. டேப்லெட் திரையில் ஓர் எறும்பு வண்டி இழுத்துக்கொண்டு வரும். ஆற்றங்கரையில் நிற்கும். கூட்டல் கழித்தலுக்குச் சரியான விடையைப் போட்டால் பலகை விழும், எறும்பு ஒரு அடி முன்னே போகும். விளையாட்டு பிள்ளைகளுக்குப் பிடித்திருக்கிறதா என்று பார்க்க ஆராய்ச்சி எதற்கு? டேப்லெட்டைப் பிடுங்கினால் அழுகிறார்களா என்று பார்த்தால் போதும். கணக்கு மண்டையில் ஏறியதா என்பதுதான் கேள்வி. அதற்காகச் சில பள்ளிகளில் விளையாட்டைக் கொடுத்தார்கள், சில பள்ளிகளில் கொடுக்கவில்லை. கொடுப்பதற்கு முன்னால் ஒரு தேர்வு, கொடுத்துச் சில மாதம் கழித்து ஒரு தேர்வு. இரண்டுக்கும் நடுவே பிள்ளைகள் எவ்வளவு ஏறியிருக்கிறார்கள் என்று அளப்பதுதான் பிழைப்பு.

தேர்வு என்றால் தாளில் எழுதுவது இல்லை. நூலக மூலையில் ஒரு குட்டை மேசை. ஒரு பக்கம் பிள்ளை, எதிரே 'பாஸ்போர்ட்' என்ற இவள். அட்டையைக் காட்டிக் கேள்வியைப் படிப்பாள். பிள்ளை வாயால் சொல்லும். ஒரு மூச்சு நேரம் காத்திருந்து, கடைசியாகச் சொன்ன விடை எதுவோ அதைக் குறித்துக்கொள்வாள். உதவக் கூடாது, சரி என்று சொல்லக் கூடாது, தப்பு என்றும் சொல்லக் கூடாது.

"பிள்ளைங்க அட்டையப் பாக்காதுங்க. உங்க மூஞ்சியத்தான் பாக்கும்" என்று பயிற்சியின் முதல் நாளே மேடம் எச்சரித்திருந்தார். பிறகு இவளைக் கைகாட்டினார். "இவங்களப் பாருங்க. ஏதாவது தெரியுதா? இப்படி இருக்கணும்."

எல்லாரும் திரும்பி இவள் முகத்தைப் பார்த்தார்கள். ஒன்றும் தெரியவில்லை.

நேர்முகத் தேர்விலேயே மேடம் இவளை அமைதியானவள் என்று முடிவுகட்டியிருந்தார். அமைதி வேறு, அணைந்துபோனது வேறு. வெளியே நின்று பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும்.

உண்மையில் இவள் பேச்சுக்காரி. துணிக்கடையில் விற்பனைப் பெண்ணாக இருந்த காலத்தில், சட்டை வாங்க வந்தவரைப் பேசிப் பேசியே குடும்பத்துக்கே துணி எடுக்க வைத்தவள். "இவ வாயைத் தச்சாத்தான் மூடும்" என்று தாய்வீட்டில் பேர் வாங்கியவள். கட்டிக்கொண்டவனோ லிப்ட் மெக்கானிக், அளந்து பேசுகிறவன். ஊரையெல்லாம் ஏற்றி இறக்கிவிட்டு, லிப்ட் இல்லாத தன் கட்டிடத்தில் மூன்று மாடி மூச்சு வாங்க ஏறி வருவான். சாயங்காலம் தரையில் உட்கார்ந்து கருவிகளைத் துடைப்பான். இவள் சமையல்கட்டிலிருந்து அன்றைய கதையைத் தொடங்குவாள். அவன் "ம்" என்பான். அவ்வளவுதான் அவன் பங்கு. ஆனால் அந்த 'ம்' இருக்கிறதே, அதிலேயே நம்பாத ம், நம்பிய ம், 'அடப்பாவி' என்கிற ம், 'அப்புறம்?' என்கிற ம் என்று ஒரு கடையே வைத்திருந்தான். மகளும் இரண்டு பேருக்கும் நடுவே உட்கார்ந்து தன் பள்ளிக் கதையை விடுவாள். அவளுக்கும் ஒரு 'ம்' கிடைக்கும்.

அவன் வேலைக்குப் போன இடத்தில் போய்ச் சேர்ந்தான். மாடிப்படித் திருப்பத்தில், கருவிப் பையை மடியில் வைத்துக்கொண்டு, சுவரில் சாய்ந்தபடி. களைப்பாறுகிறான் என்று நினைத்து ஜனங்கள் அவனைச் சுற்றிக்கொண்டு ஏறியிறங்கினார்களாம். நெஞ்சுவலி என்றார் டாக்டர்.

எல்லாம் முடிந்து, வந்த சனம் போய், சில நாள் கழித்து இவள் கடைக்குப் போய்விட்டு வந்தாள். செருப்பைக் கழற்றிக்கொண்டே, பழக்க தோஷத்தில், "இன்னிக்கு என்னாச்சு தெரியுமா?" என்று ஆரம்பித்துவிட்டாள். காத்திருந்தாள். பதில் வரவில்லை. கையில் இருந்த பையை மேசையில் வைத்தாள். அன்றோடு சரி. அதற்குப் பிறகு எந்தக் கதையையும் அவள் தொடங்கவில்லை. அழுகையும் இல்லை, கோபமும் இல்லை. மரத்துப்போன காலைக் கிள்ளினால் கிள்ளுவது தெரியுமே தவிர வலிக்காதே, அப்படியே நாள்கள் போயின. துணிக்கடைக்குப் பேசாத விற்பனைப் பெண் எதற்கு? அதை விட்டுவிட்டு இந்த வேலைக்கு வந்தாள். இங்கே பேசாமல் இருப்பதற்குத்தான் சம்பளம்.

மகளுக்கு ஆறாம் வகுப்பு. வீட்டில் 'குட்டி'. கொஞ்ச நாள் தனியாகவே கதை விட்டுப் பார்த்தாள். பிறகு அவளும் சுருக்கிக்கொண்டாள். டிவி மட்டும் பேசிக்கொண்டிருந்தது.

நாத்தனார் வந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை. அவனுக்கு மூத்தவள். பக்கத்து ஊரில் தையற்கடை வைத்திருக்கிறாள். கெட்டவள் இல்லை. நல்லவர்கள் எடுக்கும் முடிவை மறுப்பதுதான் கஷ்டம்.

"இந்தா பாரு, நான் உன்னைக் குறை சொல்ல வரல. ஆனா வீடா இது? சுவத்துக்குக்கூட காது இருக்கும்பாங்க. இங்க மனுஷிக்கே இல்ல. வளர்ற பிள்ளை. இந்த வாரம் பரீட்சை முடிஞ்சதும் என்கூட அனுப்பு. அங்கயே ஸ்கூல்ல சேத்துடறேன். என் வீட்டுல ரெண்டு வாலுங்க இருக்கு. அதுங்க கத்தற கத்துல செத்தவன்கூட எழுந்து..." சொன்னவள் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

"டீ ஆறிடும் அண்ணி" என்றாள் இவள்.

"நீ ஒண்ணும் சொல்ல மாட்டே. குட்டி, நீயே சொல்லு. அத்தைகூட வரியா?"

குட்டி பென்சிலைக் கீழே வைத்தாள். "இல்ல அத்தை. நான் இங்கயே அம்மாகூட இருக்கேன்."

சொல்லிவிட்டு அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். இவள் மேசையில் டீ கிளாஸ் விட்டுப்போன ஈர வளையத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்தாள். மகள் பார்ப்பது தெரிந்தது. மின்விசிறி சுற்றியது.

"இல்ல... வரேன் அத்தை" என்றாள் குட்டி. "வரேன்."

"அப்படிச் சொல்லு, என் தங்கம்! அடுத்த ஞாயித்துக்கிழமை வந்து கூட்டிட்டுப் போறேன். துணியெல்லாம் எடுத்து வை."

நாத்தனார் போன பிறகு இவள் கிளாஸ்களைக் கழுவினாள். மகள் போகப் போகிறாள் என்பது புரிந்தது. புரிந்ததே தவிர, அது எங்கேயும் போய் இடிக்கவில்லை.

மறுநாள் அலுவலகத்தில் தசமம் கம்ப்யூட்டரைத் திருப்பிக் காட்டினார். மற்றவர்கள் தேர்வு நடத்திய விளையாட்டுப் பள்ளிகளெல்லாம் ஏறியிருந்தன. இவள் நடத்திய விளையாட்டுப் பள்ளிகள் மட்டும் இறங்கிக் கிடந்தன.

"விளையாடாத பிள்ளைங்க அளவுக்குக்கூட வரல, ரெண்டு புள்ளி மூணு மார்க் கம்மி. இது எப்படி இருக்குன்னா, விருந்து சாப்பிட்டவன் பட்டினி கிடந்தவனைவிட மெலிஞ்சுபோன மாதிரி" என்றார்.

"பிள்ளைங்களைப் பயமுறுத்தறீங்களோ?" என்று கேட்டார் சார்ஜர்.

வாயாடி பாய்ந்து வந்தாள். "அவங்க பயமுறுத்தணும்னா மொதல்ல மூஞ்சி அசையணும் சார். அது அசைஞ்சு நீங்க பாத்திருக்கீங்களா?"

"அப்ப எதுக்கு இவங்க பிள்ளைங்க மட்டும் படுத்துக்கிச்சு?"

இவள் விதி எப்படியோ அப்படித்தான் செய்தாள். மேடம் யோசித்துவிட்டு, "இந்த வாரம் ரெண்டு பேரோட தேர்வை வீடியோ எடுங்க. இவங்களது ஒண்ணு, இன்னொருத்தரது ஒண்ணு. அப்புறம் பேசுவோம்" என்றார். இவள் பள்ளிகளைக் கணக்கிலிருந்தே நீக்கிவிட்டு இவளை டேப்லெட் துடைத்து அடுக்கும் வேலைக்கு மாற்றிவிடுவார்கள் என்று சார்ஜர் காதோடு சொன்னார். "சரி சார்" என்றாள். துடைப்பதும் வேலைதான்.

புதன்கிழமை நூலக மூலையில் கேமரா நின்றது. எதிரே முன்பல் விழுந்த ஒரு சிறுமி, நாற்காலியில் பாதிதான் உட்கார்ந்திருந்தாள்.

"பெட்டியில பன்னெண்டு கோலி இருக்கு. அஞ்சை எடுத்துட்டா மீதி எத்தனை?"

"ஏழு."

விதிப்படி காத்திருந்தாள். சிறுமி அட்டையைப் பார்த்தாள், இவளைப் பார்த்தாள், வாசலைப் பார்த்தாள்.

"இல்ல, எட்டு."

எட்டு என்று குறித்துக்கொண்டாள். அடுத்த அட்டை. "ஒன்பது. இல்ல இல்ல, பத்து." பத்து என்று குறித்துக்கொண்டாள். அதற்கு அடுத்ததும் அப்படியே. முதலில் சரி, பிறகு இவள் முகம், பிறகு தப்பு. நூறு பிள்ளைகளிடம் இதையே பார்த்திருக்கிறாள். பார்த்ததைக் குறித்திருக்கிறாள். அன்றைக்கு ஏனோ, தாளில் இல்லாத ஒரு கேள்வி வாயிலிருந்து வெளியே வந்துவிட்டது.

"ஏன் மாத்தினே?"

சிறுமி முழித்தாள். "சத்தம் வரலல்ல?"

"எந்தச் சத்தம்?"

"டிங்." இந்தப் பெரியவர்களுக்கு எல்லாவற்றையும் சொல்லித்தர வேண்டியிருக்கிறதே என்று அவள் கொஞ்சம் முன்னே நகர்ந்து உட்கார்ந்தாள். "சரியாப் போட்டா டிங்னு வரும், பலகை விழும். தப்பாப் போட்டா சத்தமே வராது, எறும்பு தலையச் சொறியும். அப்ப வேற போடணும். உங்களுக்கு விளையாடத் தெரியாதா?"

"அப்ப மொதல்ல சொன்ன ஏழு?"

"அதான் சரின்னு நெனச்சேன். நீங்க ஒண்ணுமே சொல்லல. அதான் மாத்திட்டேன்."

சிறுமி எழுந்து, நாற்காலியைத் தள்ளிவிட்டு, ஓடிப்போனாள்.

திரும்பும் பேருந்தில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. 'நீங்க ஒண்ணுமே சொல்லல' என்பதையே வண்டி குலுங்கிக் குலுங்கிச் சொல்லிக்கொண்டு வந்தது. எங்கேயோ ஒரு நிறுத்தத்தில் வண்டி நின்றபோது, பென்சிலைக் கீழே வைத்த மகளின் கை நினைவுக்கு வந்தது. இல்ல அத்தை, நான் இங்கயே அம்மாகூட இருக்கேன். பிறகு அந்தப் பார்வை. பிறகு, இல்ல, வரேன்.

குட்டி எந்த விளையாட்டும் விளையாடியதில்லை. ஆனால் அவளுக்கும் வீட்டில் ஒரு சத்தம் இருந்தது. அது நின்றுபோய் வருஷமாகிறது.

வீட்டுக்குப் போனதும் "குட்டி" என்று கூப்பிட்டாள்.

"என்னம்மா?"

வாய் திறந்துதான் இருந்தது. உள்ளே ஒன்றும் இல்லை. இத்தனை நாள் பூட்டிக் கிடந்த கடையில் சரக்கு எங்கே இருக்கும்?

"ஒண்ணுமில்ல" என்றாள். குட்டி டிவி பக்கம் திரும்பிக்கொண்டாள். சுவரோரம் அவளுடைய பை பாதி நிறைந்திருந்தது.

வெள்ளிக்கிழமை எல்லாரும் மேடம் அறையில் கூடி வீடியோவைப் பார்த்தார்கள். மேடம் 'சத்தம் வரலல்ல' என்ற இடத்தைத் திரும்பத் திரும்ப ஓட்டினார்.

"தாள்ல இல்லாததைக் கேட்டிருக்கீங்க" என்றார்.

"ஆமா மேடம்."

"கேட்டிருக்கக் கூடாது." கொஞ்ச நேரம் நெற்றியைத் தேய்த்தார். "நல்லவேளை கேட்டீங்க."

தசமம் தன் வாழ்நாளில் முதல்முறையாகப் புள்ளி வைக்காமல் பேசினார். "விளையாட்டு நல்லாத்தான் சொல்லிக்கொடுத்திருக்கு மேடம். சத்தம் வரலன்னா விடைய மாத்துன்னும் சொல்லிக்கொடுத்திருக்கு. நாமதான் அதை அளக்கல."

"அப்ப மத்தவங்க பிள்ளைங்க ஏன் மாத்தல?" என்று கேட்டார் மேடம்.

வாயாடியின் வீடியோவைப் போட்டார்கள். பிள்ளை சரியாகச் சொன்னபோதெல்லாம் ஒரு சின்ன "ம்". தப்பாகச் சொன்னபோது அவள் கழுத்தைச் சொறிந்தாள். பிள்ளை உடனே மாற்றியது.

"நான் சொல்லவே இல்ல! வாயத் தொறந்தேனா பாருங்க!" என்றாள் வாயாடி. திரையில் இன்னொரு "ம்" வந்தது. அறையே சிரித்தது. "அது என் தொண்டை மேடம். நான் இல்ல."

"நீ டிங்னு அடிச்சிருக்கே, எறும்பு மாதிரி தலையும் சொறிஞ்சிருக்கே" என்றார் சார்ஜர்.

மேடம் சிரிக்கவில்லை. "இந்தப் பக்கம் அளவுகோல் நீளம், அந்தப் பக்கம் குட்டை. பேசாம இருந்தா நடுநிலைன்னு நானே சொல்லிக்கொடுத்தேன். பேசாம இருக்கறதும் இந்தப் பிள்ளைங்களுக்கு ஒரு பதில்தான்." விளையாட்டுப் பள்ளிகள், மற்றப் பள்ளிகள் எல்லாவற்றிலும் மறுபடி தேர்வு என்று முடிவானது. இனிமேல் பிள்ளை எதைச் சொன்னாலும், சரியோ தப்போ, ஒரே மாதிரி "ம்" சொல்ல வேண்டும். ஏறக் கூடாது, இறங்கக் கூடாது. கேட்டுக்கொண்டேன் என்பதற்கு மேல் அதில் எதுவும் இருக்கக் கூடாது.

மதியம் டேப்லெட் அறையில் பயிற்சி. சார்ஜர் நீதிபதி. வாயாடிக்கு வரவே இல்லை. ஒவ்வொரு 'ம்'மிலும் ஒரு பாராட்டோ பரிதாபமோ எட்டிப் பார்த்தது. "உங்க ம் கல்யாணப் பத்திரிகை கொடுக்கற மாதிரி இருக்கு. திருப்பிச் சொல்லுங்க" என்றார் சார்ஜர்.

இவள் முறை வந்தது. உதட்டை மூடினாள். காற்றுதான் வந்தது, வறண்ட குழாயைத் திறந்தாற்போல.

"கேக்கல."

மறுபடி. அப்போதும் இல்லை. வாயாடி தண்ணீர் பாட்டிலை நீட்டினாள். குடித்துவிட்டு மூன்றாவது முறை முயன்றாள்.

"ம்."

தட்டையாக, நேராக, தரையில் வைத்த பலகைபோல வந்தது.

"இதான்! இதான் வேணும்!" என்று சார்ஜர் ஒயர்கள் குலுங்க எழுந்தார். "இதைப் பதிவு பண்ணி எல்லாருக்கும் அனுப்புங்க."

"பாஸ்போர்ட்டுக்கு விசா கிடைச்சுடுச்சு" என்றாள் வாயாடி.

அன்று சாயங்காலம் வரை பயிற்சி நடந்தது. பன்னெண்டு, ம். முப்பது, ம். தெரியாது அக்கா, ம். சொல்லச் சொல்லத் தொண்டை இளகியது. அதைத் தவிர வேறு ஒன்றும் இளகியதாக அவளுக்குத் தெரியவில்லை.

சனிக்கிழமை குட்டி கட்டிலில் துணிகளைப் பரப்பி மடித்துக்கொண்டிருந்தாள். இவள் தரையில், கருவிப் பை முன்பு இருந்த இடத்தில், போய் உட்கார்ந்தாள்.

"அத்தை வீட்டுல மேல் ரூம் தராங்களாம்" என்றாள் குட்டி, துணியிடம் சொல்வதுபோல.

"ம்."

குட்டியின் கை நின்றது. திரும்பிப் பார்த்தாள். "என்னம்மா?"

"ஒண்ணுமில்ல. சொல்லு."

"அங்க ஸ்கூல்ல நீச்சல் இருக்காம்."

"ம்."

"எனக்கு நீச்சல் பிடிக்காது."

"ம்."

குட்டி ஒரு சட்டையைப் பிடித்தபடி யோசித்தாள். "எங்க ஸ்கூலுக்கு நேத்து ஒரு யானை வந்துச்சு. டீச்சர் அதுக்கு ஹோம்வொர்க் கொடுத்தாங்க."

"ம்."

"எல்லாத்துக்கும் ஒரே 'ம்'தானா?"

"அதான் விதி."

"என்ன விதி?"

இவள் சொல்ல ஆரம்பித்தாள். எறும்பு, ஆறு, பலகை, முன்பல் விழுந்த சிறுமி, வாயாடியின் தொண்டை. பழைய மாதிரி வரவில்லை. கதை நொண்டியது, முன்னே பின்னே போனது. சிரிக்க வேண்டிய இடத்தில் இவள் முகம் சிரிக்கவில்லை. ஆனால் எங்கேயோ நடுவில் கட்டிலிலிருந்து ஒரு "ம்" வந்தது. பிறகு இன்னொன்று. குட்டி மடித்த துணியை மடியில் வைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தாள்.

கதை முடிந்ததும் இவள் சொன்னாள்: "அன்னிக்கு அத்தை கேட்டப்ப நீ ரெண்டு பதில் சொன்னே. நாங்க கடைசிப் பதிலைத்தான் எழுதிப்போம். அது தப்புன்னு இப்பத்தான் தெரிஞ்சுது. அதனால மறுதேர்வு. நாளைக்கு அத்தை வந்து கேப்பாங்க. உனக்கு எது சரியோ அதைச் சொல்லு. என் மூஞ்சியப் பாக்காதே. அதுல ஒண்ணும் இருக்காது."

"உனக்கு எது வேணும்மா?"

அந்தக் கேள்விக்கு அவள் தன்னுள் தேடிப் பார்த்தாள். இருட்டறையில் சுவிட்சைத் தடவுவதுபோலக் கொஞ்ச நேரம் தடவினாள்.

"தெரியல" என்றாள். "நீ போனா டிவிய யார் போடுவாங்கன்னு மட்டும் தெரியல."

ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே நாத்தனார் ஆட்டோவை வாசலில் நிற்க வைத்துவிட்டு மூச்சிரைக்க மாடி ஏறி வந்தாள். "லிப்ட்காரன் வீட்டுக்கு லிப்ட் இல்ல, என்ன கொடுமையோ! எங்கடி பையி? ரெடியா? ஆட்டோக்காரன் கத்துவான்."

பை சுவரோரம் இருந்தது. ஜிப் போட்டிருக்கவில்லை.

"நான் வரல அத்தை" என்றாள் குட்டி. "இங்கயே அம்மாகூட இருக்கேன்."

"அன்னிக்கு வரேன்னியே?"

"இன்னிக்கு வரல."

நாத்தனார் இடுப்பில் கைவைத்து இவளைப் பார்த்தாள். பார்க்கக் கூடாது என்று சொல்லியிருந்தும், குட்டியும் பார்த்தாள்.  கீழே ஆட்டோ ஹாரன் அடித்தது.

"ம்" என்றாள் இவள்.

ஒரு மூச்சு நேரம் காத்திருக்க வேண்டும் என்பது விதி. இது அதற்கு முன்பே வந்துவிட்டது. தொடக்கத்தில் கொஞ்சம் உடைந்து, முடிவில் கொஞ்சம் ஏறியும் இருந்தது. சார்ஜர் பக்கத்தில் இருந்திருந்தால், தேறாது, திருப்பிச் சொல்லுங்க என்றிருப்பார்.

குட்டி பையைக் கவிழ்த்துத் துணிகளைக் கட்டிலில் கொட்டினாள்.

"உக்காருங்க அண்ணி, டீ போடறேன்" என்றாள் இவள். சமையல்கட்டுக்குள் போய் அடுப்பைப் பற்றவைத்தாள். தண்ணீர் கொதிக்கிற வரைக்கும் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றவள், திரும்பாமலே, "இந்த வாரம் ஆபீஸ்ல என்னாச்சு தெரியுமா அண்ணி?" என்றாள்.

நாத்தனார் ஜன்னல் வழியாக ஆட்டோவைப் போகச்சொல்லிக் கையசைத்துவிட்டு, நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"ம்" என்றாள். "சொல்லு."